97ஆவது ஆஸ்கர் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மார்ச் 2 அன்று 97ஆவது ஆஸ்கர் விருதுகளைக் கொடுத்து முடித்தார்கள். சிறந்த படத்துக்கான போட்டியில் நின்றவை பத்து: 'அனோரா', 'தி புரூட்டலிஸ்ட்', 'எ கம்ப்ளீட் அன்னோன்', 'கான்கிளேவ்', 'டியூன்: பார்ட் டூ', 'எமிலியா பெரெஸ்', 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்', 'நிக்கல் பாய்ஸ்', 'தி சப்ஸ்டன்ஸ்', 'விக்கெட்'. ஜெயித்தது 'அனோரா'. விமர்சனம் எழுதுகிறவன் என்பதால் இந்தப் பத்தைப் பற்றியும், பக்கத்தில் நின்ற வேறு சில படங்களைப் பற்றியும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்தப் படத்தின் முடிவையும் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

பத்தில் உங்களுக்கு எது பிடித்தது?

'நிக்கல் பாய்ஸ்'. யோசிக்கவே வேண்டாம்.

கதை 1960களின் ஃபுளோரிடாவில் நடக்கிறது. படிப்பில் சுட்டியான எல்வுட் என்கிற கறுப்பினப் பையன், கல்லூரிக்குப் போகிற வழியில் யாரோ ஒருவருடைய காரில் லிஃப்ட் கேட்டு ஏறுகிறான். அது திருட்டுக் கார். பையனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே டர்னர் என்று ஒரு நண்பன் கிடைக்கிறான். கோல்சன் வைட்ஹெட்டின் நாவல்தான் மூலம். ஃபுளோரிடாவில் 2011வரை நடந்த டோசியர் பள்ளியில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகள்தான் அந்த நாவலுக்கே அடிப்படை.

இதை எத்தனையோ விதமாக எடுத்திருக்கலாம். இயக்குநர் ரமெல் ராஸ் எடுத்த முடிவு: கேமராதான் பையனுடைய கண். எல்வுட் பார்ப்பதை மட்டுமே நாம் பார்க்கிறோம். அவன் முகம் எப்போதாவது கண்ணாடியில், கடை ஜன்னலில் தெரிந்தால் உண்டு. வெறும் வித்தைதானே என்று முதல் சில நிமிடங்கள் தோன்றும். அப்புறம் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்வுட் டர்னரை முதன்முதலாகச் சந்திக்கிறான். அந்தக் காட்சி முடிந்ததும் அதே காட்சி மறுபடி வருகிறது, இந்த முறை டர்னருடைய கண் வழியாக. இத்தனை நேரம் யாருக்குள் உட்கார்ந்திருந்தோமோ அவனை அப்போதுதான் எதிரே பார்க்கிறோம். ஒல்லியாக, கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறான். உன்னை ஒருவன் கவனித்துவிட்டான் என்றால் நீ இருக்கிறாய் என்று அர்த்தம். நட்பைப் பற்றி அந்த வெட்டு அவ்வளவையும் சொல்லிவிடுகிறது, வசனமே இல்லாமல்.

இன்னொரு இடம். எல்வுட்டின் பாட்டி அவனைப் பார்க்க வருகிறாள். பார்க்க விடவில்லை. அங்கே நிற்கும் டர்னரிடம் பேசுகிறாள், பேரனைக் கட்டிக்கொள்ள முடியாததால் இவனைக் கட்டிக்கொள்கிறாள். கேமராதானே டர்னர்? அதனால் அந்த அம்மாள் நம்மைத்தான் கட்டிக்கொள்கிறாள். ஆன்ஜனூ எல்லிஸ்-டெய்லர் நடித்திருக்கிறார். கேமராவை நேராகப் பார்த்து நடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நடிகர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இந்தப் படத்துக்குக் கிடைத்த பரிந்துரைகள் இரண்டே: சிறந்த படம், தழுவல் திரைக்கதை. ஒளிப்பதிவுக்கு இல்லை. ஒளிப்பதிவையே கதை சொல்லியாக மாற்றிய படத்துக்கு ஒளிப்பதிவில் இடம் இல்லையாம்.

அப்படியென்றால் 'அனோரா' ஜெயித்தது தப்பு என்கிறீர்களா?

இல்லை, நல்ல படம்தான். ஏறத்தாழ 60 லட்சம் டாலரில் எடுத்து, 2024இல் கான் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கப் பனை விருதையும் வாங்கி, ஐந்து ஆஸ்கர்களோடு போய்விட்டார்கள். அதில் நான்கு ஷான் பேக்கர் ஒருவருக்கே: தயாரிப்பு, இயக்கம், அசல் திரைக்கதை, படத்தொகுப்பு. ஒரே படத்துக்காக ஒரே இரவில் நான்கு வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

நியூயார்க்கில் ஒரு கிளப்பில் ஆடுகிற அனி, ரஷ்யக் கோடீஸ்வரரின் விளையாட்டுப் பிள்ளையைத் திடீரென்று கல்யாணம் செய்துகொள்கிறாள். விஷயம் தெரிந்ததும் பெற்றோர் அடியாட்களை அனுப்பிவைக்கிறார்கள். அந்த அடியாட்கள் மாளிகைக்குள் நுழைந்ததிலிருந்து நடக்கும் ஏறத்தாழ அரை மணி நேரக் காட்சிதான் படத்தின் இதயம். சிரிப்பாகத் தொடங்கும். கண்ணாடி மேசை உடையும், மூக்கு உடையும். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அனியின் கையைக் கட்டி, ஒரு சிவப்பு ஸ்கார்ஃபை எடுத்து வாயை அடைக்கிறார்கள். எந்த நொடியில் நம் சிரிப்பு நின்றது என்று சொல்ல முடியாதபடி பேக்கர் அதை நகர்த்துகிறார்.

பிறகு இரவு முழுக்க அந்தப் பிள்ளையைத் தேடி அலைகிறார்கள். கடற்கரையோரம், கடுங்குளிர். இகோர் என்கிற அடியாள் அதே ஸ்கார்ஃபை அனியிடம் நீட்டுகிறான், குளிருக்குப் போட்டுக்கொள் என்று. முதலில் வேண்டாம் என்கிறாள். பிறகு வாங்கிக்கொள்கிறாள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. யூரா போரிசோவ் துணை நடிகர் பரிந்துரைக்குத் தகுதியானவர்தான் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

எனக்கு இருக்கும் குறை முதல் முக்கால் மணி நேரத்தில். பார்ட்டி, ஷாப்பிங், லாஸ் வேகாஸ் என்று ஒரே சந்தோஷத்தை வேறு வேறு அறைகளில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் அனி என்ன நினைக்கிறாள் என்பதில் படத்துக்கே பெரிய அக்கறை இல்லை.

சிறந்த படத்தை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஓட்டுப் போடுகிறவர்கள் ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியின் உறுப்பினர்கள். பெரும்பாலான பிரிவுகளில் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கு விருது. சிறந்த படத்துக்கு மட்டும் வேறு கணக்கு. ஓட்டுப் போடுகிறவர் பத்துப் படங்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த வேண்டும். முதலிட ஓட்டுகளை எண்ணும்போது எந்தப் படத்துக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்குவார்கள். அதை முதலாவதாகப் போட்டவர்களின் ஓட்டு அவர்களுடைய இரண்டாவது விருப்பத்துக்குப் போய்ச் சேரும். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இப்படியே நடக்கும்.

இதனால் என்ன ஆகிறது? கொஞ்சம் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் பத்தாவதாகப் போடுகிற படம் தேறாது. நிறையப் பேர் இரண்டாவது, மூன்றாவது என்று போடுகிற படம் கரையேறிவிடும். யாரையும் அதிகம் கோபப்படுத்தாத படங்கள் அடிக்கடி ஜெயிப்பதற்கு இது ஒரு காரணம்.

முன்பெல்லாம் ஐந்து படங்கள்தான் பரிந்துரையில் இருக்கும். 'தி டார்க் நைட்' பட்டியலில் வராமல் போனதற்கு எழுந்த கூச்சலுக்குப் பிறகு, 2009இல் பத்தாக்கினார்கள். நடுவில் சில ஆண்டுகள் எண்ணிக்கை ஏறி இறங்கி, 2021ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து மறுபடி நிலையாகப் பத்து.

ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாப் படத்தையும் பார்க்கிறார்களா?

97ஆவது விருதுவரை பார்த்தாக வேண்டும் என்று பொதுவான கட்டாயம் கிடையாது. 2025 ஏப்ரலில்தான் அகாடமி விதியை மாற்றியது: 98ஆவது விருதுகளிலிருந்து, ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட அத்தனை படங்களையும் பார்த்திருந்தால்தான் அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஓட்டு. இப்படி ஒரு விதி வர 97 ஆண்டுகள் ஆனதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கனமான விஷயத்தைப் பேசும் படத்தை நீங்கள் குறை சொல்வது சரியா? 'எமிலியா பெரெஸ்'ஸை ஏன் அப்படித் திட்டினீர்கள்?

எனக்கு அதிகம் வசவு வாங்கித் தந்த கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விருதுக் காலத்தில் ஒரு குழப்பம் தவறாமல் நடக்கும். படம் எதைப் பற்றியது என்பதையும் படம் எப்படி இருக்கிறது என்பதையும் ஒன்றாகப் போட்டு எண்ணிவிடுவார்கள். பெரிய விஷயத்தைத் தொட்டாலே பெரிய படம் என்று ஆகிவிடுகிறது. அதைக் குறை சொன்னால், அந்த விஷயத்தையே எதிர்க்கிறவர் என்று நம்மேல் முத்திரை.

'எமிலியா பெரெஸ்' என்ன செய்கிறது என்று பாருங்கள். மெக்சிகோவின் போதைக் கும்பல் தலைவர் ஒருவர் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, பழைய வாழ்க்கையை விட்டுவிட்டு, காணாமல்போனவர்களைத் தேடித் தரும் அமைப்பு நடத்துகிறார். அத்தனையும் பாட்டும் ஆட்டமுமாக. இயக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஜாக் ஓடியார், படம் பெரும்பாலும் பாரிஸ் அருகே ஸ்டூடியோவில் எடுத்தது. 13 பரிந்துரைகள், ஆங்கிலம் அல்லாத மொழிப் படம் எதுவும் அதற்கு முன் அவ்வளவு வாங்கியதில்லை. கடைசியில் கிடைத்தவை இரண்டு.

ஸ்டூடியோவில் எடுத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இசைப்படம் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். காணாமல்போனவர்கள் என்பது மெக்சிகோவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிஜமான காயம். படத்தில் அவர்கள் வெறும் கோரஸாக வருகிறார்கள். ஒரு பாட்டில் வரிசையாக முகங்கள் தோன்றி ஆளுக்கு ஒரு வரி பாடிவிட்டு மறைகின்றன. அவர்களில் ஒருவரோடாவது இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரப் படத்துக்கு நேரம் இல்லை. மெக்சிகோவிலேயே படத்துக்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே படத்தில் ஸோயி சல்தான்யா விருந்து மேசைகளுக்கு நடுவே சிவப்புக் கோட்டில் ஆடிப் பாடும் காட்சி ஒன்று உண்டு. நன்கொடை கொடுக்க வந்த பெரிய மனிதர்களின் யோக்கியதையை ஒவ்வொருவராகச் சுற்றிவந்து கிழிக்கிறார். அந்தப் பாட்டுக்கு ஆஸ்கர், அவருக்கும் ஆஸ்கர். இரண்டும் நியாயம். அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிற கோபமும் குறியும் படம் முழுக்க இருந்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் 'நோ அதர் லேண்ட்'. சிறந்த ஆவணப்படம் வாங்கியது. மேற்குக் கரையின் மஸாஃபர் யாட்டா பகுதியில் வீடுகள் இடிக்கப்படுவதைப் பாலஸ்தீனர்களும் இஸ்ரேலியர்களுமாக நான்கு பேர் சேர்ந்து எடுத்த படம். அமெரிக்காவில் விநியோகஸ்தர் கிடைக்காத நிலையிலேயே ஆஸ்கர் வாங்கியது. விஷயம் கனமானது என்பதற்காக நான் இதைப் புகழவில்லை. இடிபடும் வீடுகளுக்கு இடையே பாஸல் என்கிற பாலஸ்தீனரும் யுவால் என்கிற இஸ்ரேலியப் பத்திரிகையாளரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். யுவாலுக்கு மஞ்சள் நம்பர் பிளேட், நினைத்த இடத்துக்குக் கார் ஓட்டலாம். பாஸலுக்குப் பச்சை, முடியாது. சாயங்காலமானால் யுவால் வீட்டுக்குக் கிளம்புவார். நண்பர்கள்தான், ஆனால் அந்தக் கிளம்புதல் ஒவ்வொரு முறையும் உறுத்தும்படி கேமரா அங்கேயே காத்திருக்கிறது. அரசியலை முழக்கமாகப் போடாமல், கார் சாவியில் காட்டிவிட்டார்கள்.

'தி புரூட்டலிஸ்ட்' மூன்றரை மணி நேரமாமே, உட்கார முடியுமா?

முடியும். 215 நிமிடம், அதில் 15 நிமிடம் இடைவேளை. அந்த இடைவேளையும் படத்தின் பகுதிதான்: திரையில் ஒரு பழைய கல்யாணப் புகைப்படம் நிற்க, நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

ஹங்கேரியிலிருந்து தப்பி அமெரிக்கா வரும் யூதக் கட்டடக் கலைஞர் லாஸ்லோ. தொடக்கத்திலேயே இயக்குநர் பிராடி கோர்பே தன் கையைக் காட்டிவிடுகிறார். இருட்டு, நெரிசல், எங்கே இருக்கிறோம் என்றே புரியாது. கேமரா லாஸ்லோவோடு முட்டி மோதிக்கொண்டு மேலே வருகிறது, திடீரென்று வெளிச்சம், சுதந்திர தேவி சிலை. தலைகீழாக. அவ்வளவு பெரிய படத்தின் கருத்தை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லி முடித்துவிட்ட துணிச்சல் அது.

பெரும்பகுதியை விஸ்டாவிஷனில் எடுத்திருக்கிறார்கள். 1950களில் பாராமவுன்ட் கொண்டுவந்த முறை அது, 35 மி.மீ. பிலிமைக் கேமராவுக்குள் படுக்கைவாட்டில் ஓட்டுவார்கள். ஒவ்வொரு சட்டகத்துக்கும் அதிகப் பரப்பு கிடைக்கும், கட்டடங்களின் கோடும் கல்லின் சொரசொரப்பும் துல்லியமாக நிற்கும். கான்கிரீட்டைப் பற்றிய படத்துக்குப் பொருத்தமான தேர்வு. இவ்வளவையும் ஒரு கோடி டாலருக்குள் முடித்தது இன்னொரு ஆச்சரியம்.

இரண்டாம் பாதி எனக்குச் சரிப்படவில்லை. இத்தாலியின் கராரா சலவைக்கல் குவாரியில் ஒரு நீண்ட காட்சி வருகிறது. வெள்ளை மலைக்குள் மனிதர்கள் எறும்பாகத் தெரிகிறார்கள்; அந்த ஆண்டின் ஆகச் சிறந்த படப்பிடிப்புகளில் ஒன்று. ஆனால் அங்கே நடக்கும் ஒரு சம்பவம், பணக்காரப் புரவலருக்கும் கலைஞனுக்கும் உள்ள உறவைப் பற்றி இரண்டு மணி நேரமாக நாமே புரிந்துகொண்டதை எடுத்துப் போட்டு உடைத்துச் சொல்கிறது. அதற்குப் பிறகு படம் தன் பார்வையாளரை நம்புவதே இல்லை. லாஸ்லோவாக நடித்த ஏட்ரியன் பிராடிக்குக் கிடைத்த சிறந்த நடிகர் விருதில் மறுபேச்சு இல்லை.

அதில் ஏஐ பயன்படுத்தினார்களாமே? அது ஏமாற்று இல்லையா?

நடிகர்கள் பேசிய ஹங்கேரிய வசனங்களில் உச்சரிப்பைச் சீராக்கப் பயன்படுத்தியதாகப் படத்தொகுப்பாளரே சொன்னார். நடிப்பு நடிகர்களுடையதுதான். என்னைக் கேட்டால், டப்பிங்கில் இதைவிடப் பெரிய சித்து வேலைகளைப் பல காலமாகப் பார்த்துவிட்டோம். வெளிப்படையாகச் சொன்னால் போதும். ஏஐ பயன்படுத்துவது பரிந்துரை வாய்ப்பைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது என்று அகாடமி பிறகு சொல்லிவிட்டது.

'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' ரொம்ப சோகமான படமா? பார்க்கத் தயக்கமாக இருக்கிறது.

தயங்க வேண்டாம். சோகமான விஷயம், ஆனால் படம் அழுது வடியாது. 1971, பிரேசிலில் ராணுவ ஆட்சி. ரூபன்ஸ் பைவா என்கிற முன்னாள் எம்.பி.யை விசாரணைக்கு என்று வீட்டிலிருந்து கூட்டிப்போகிறார்கள். திரும்பவில்லை. மனைவி யூனிஸ் ஐந்து பிள்ளைகளோடு நிற்கிறார். இது நிஜக் கதை.

இயக்குநர் வால்டர் சாலஸ் முதல் பகுதி முழுக்க வீட்டைக் காட்டுகிறார். கடற்கரை, நாய்க்குட்டி, பாட்டு, வீடு நிறைய விருந்தாளிகள், திறந்தே கிடக்கும் கதவு. அந்த வீடு நமக்குப் பழகிய பிறகுதான் அந்நியர்கள் வந்து திரைச்சீலைகளை இழுத்து மூடுகிறார்கள். ராணுவ ஆட்சி என்றால் என்ன என்று அந்தத் திரைச்சீலை சொல்லிவிடுகிறது.

பிறகு ஒரு பத்திரிகைக்காகக் குடும்பத்தைப் புகைப்படம் எடுக்க வருகிறார்கள். கொஞ்சம் சோகமாக இருங்கள் என்று கேட்கிறார்கள். யூனிஸ் பிள்ளைகளிடம், சிரிக்கத்தான் போகிறோம் என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். பெர்னாண்டா டோரஸ் அந்தச் சிரிப்பில் எதையும் நடித்துக் காட்டுவதில்லை. உதடு சிரிக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு காட்சியில் ஐஸ்கிரீம் கடையில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் சுற்றியிருக்கும் மேசைகளைப் பார்க்கிறார். வேறு குடும்பங்கள், வேறு கணவன்மார்கள். கேமரா அவர் முகத்தைவிட்டு நகராது.

முதுமையில் யூனிஸாக வருபவர் டோரஸின் அம்மா பெர்னாண்டா மான்டினீக்ரோ. இதே சாலஸின் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' படத்துக்காக அவரும் ஒரு காலத்தில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். அம்மாவுக்கும் கிடைக்கவில்லை, பெண்ணுக்கும் கிடைக்கவில்லை. படத்துக்குச் சர்வதேசப் பிரிவில் விருது கிடைத்தது.

சிறந்த நடிகை டோரஸா, மைக்கி மேடிசனா, டெமி மூரா?

என் ஓட்டு டோரஸுக்கு. 'அனோரா'வில் அனியாக நடித்த மேடிசன் வாங்கியதில் வருத்தம் இல்லை. மூருக்குத்தான் கிடைக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள், அதற்கும் காரணம் இருந்தது.

மூர் நடித்த 'தி சப்ஸ்டன்ஸ்' படத்தில் வயதாகிவிட்டது என்று ஓரங்கட்டப்பட்ட நட்சத்திரம் ஒருவர் ஒரு மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்ள, அவர் உடம்பிலிருந்தே இளமையான இன்னொருத்தி வெளியே வருகிறாள். கொராலி ஃபர்ஜாவின் படம். ரத்தமும் சதையும் எக்கச்சக்கம், வயிற்றைப் பிரட்டும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஆனால் என்னை உலுக்கியது ஒரு துளி ரத்தமும் இல்லாத காட்சி. பழைய நண்பர் ஒருவரோடு சாப்பிடப் போக அவர் தயாராகிறார். அழகாகத்தான் இருக்கிறார். கிளம்பும்போது ஜன்னல் வழியே வெளியே இருக்கும் விளம்பரப் பலகையில் அந்த இளையவளின் முகம் கண்ணில் படுகிறது. திரும்பி வந்து உதட்டுச்சாயத்தை மாற்றுகிறார். மறுபடி கிளம்புகிறார், மறுபடி கண்ணாடி. ஒவ்வொரு முறையும் துடைப்பது வேகமாகிறது, கடைசியில் முகத்தையே பிய்த்தெடுப்பதுபோல் தேய்க்கிறார். போகவே இல்லை. கடைசி இருபது நிமிட அமர்க்களத்தைவிட அந்தக் கண்ணாடிதான் பெரிய திகில்.

'கான்கிளேவ்'?

புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் பூட்டிய கதவுக்குள் கூடுகிறார்கள். துப்பறியும் கதையின் விறுவிறுப்போடு போகிறது, ரால்ஃப் ஃபைன்ஸ் பிரமாதம். தழுவல் திரைக்கதைக்கு விருது வாங்கியது பொருத்தம். இசபெல்லா ரோசெல்லினி வருவது சில நிமிடங்களே. பேச வேண்டியதைப் பேசிவிட்டு முழங்கால் மடக்கி ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போகிறார், அந்த வணக்கத்தில் அத்தனை கர்தினால்களும் அடிபட்டுப்போகிறார்கள். மறுநாள் படத்தில் என்ன நினைவிருக்கிறது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கடைசித் திருப்பத்தைச் சொல்ல மாட்டேன்.

'டியூன்', 'விக்கெட்', 'எ கம்ப்ளீட் அன்னோன்' பற்றி ஒன்றும் எழுதவில்லையே?

முதலாவதைப் பெரிய திரையில் பாருங்கள். ஒலிக்கும் காட்சி விளைவுகளுக்கும் வாங்கியது அதற்காகத்தான். 'விக்கெட்' உடைகளுக்கும் அரங்க அமைப்புக்கும் வாங்கியது. பாட்டு வரும்போது பறக்கிறது, பாட்டு இல்லாதபோது தரையிறங்கி நடக்கிறது. பாடகர் பாப் டிலனைப் பற்றிய 'எ கம்ப்ளீட் அன்னோன்' படத்துக்கு 8 பரிந்துரை, ஒரு விருதும் இல்லை. திமோதி ஷாலமே தானே பாடியிருக்கிறார், நன்றாகவும் பாடியிருக்கிறார். அந்தப் பாடல்கள் எழுதப்பட்ட மண்டைக்குள் என்ன நடந்தது என்பதைப் படம் எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டது.

பிள்ளைகளோடு பார்க்கும்படி ஏதாவது உண்டா?

'ஃப்ளோ'. சிறந்த அனிமேஷன் விருதை வாங்கிய லாட்வியப் படம். பெரிய ஸ்டூடியோ படங்களைத் தாண்டி ஜெயித்தது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் செய்தது. வெள்ளம் வருகிறது, பூனை, நாய், கேபிபாரா, லெமூர், ஒரு பெரிய பறவை எல்லாம் ஒரே படகில். ஒரு வசனம்கூடக் கிடையாது. விலங்குகள் விலங்குகளாகவே நடந்துகொள்கின்றன, ஜோக் அடிப்பதில்லை. சின்னக் குழந்தைகளுக்குப் பூனை தண்ணீரில் மூழ்கும் இடங்கள் கொஞ்சம் பயமாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பட்டியலில் விட்டுப்போன படங்களில் எது உங்களுக்கு வருத்தம்?

'ஹார்ட் ட்ரூத்ஸ்'. மைக் லீ இயக்கியது. பான்ஸி என்கிற நடுத்தர வயதுப் பெண், காலையில் கண் விழிப்பதே அலறலோடுதான். கணவன், மகன், கடைக்காரர், வரிசையில் நிற்பவர் என்று பார்க்கிற எல்லாரிடமும் சண்டை. முதல் பாதியில் அவர் வாயைத் திறந்தாலே தியேட்டர் சிரிக்கும். அன்னையர் தினத்தன்று, மகன் அம்மாவுக்குப் பூ வாங்கி வைத்திருக்கிறான் என்று தெரியவருகிறது. பான்ஸி சிரிக்க ஆரம்பிக்கிறார். சிரிப்பு நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அது அழுகை. மரியான் ஜான்-பாப்டிஸ்ட் நடித்திருக்கிறார். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் அமைப்புகள் விருது கொடுத்தன. ஆஸ்கரில் பரிந்துரைகூட இல்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன வியாதி, என்ன காரணம் என்று படம் கடைசிவரை சொல்லாது. பிரசாரத்துக்கு ஒரு வரியில் அடக்க முடியாத படம், அதனால்தான் விட்டுப்போனது என்று நினைக்கிறேன்.

'சேலஞ்சர்ஸ்' படத்தின் இசையும் அப்படித்தான். கோல்டன் குளோப் வாங்கியது, ஆஸ்கரில் பரிந்துரைகூட இல்லை.

'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' கானில் ஜெயித்தும் ஏன் சர்வதேசப் பிரிவில் இல்லை?

97ஆவது விருதின் விதிப்படி சர்வதேசப் பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒரு படம். அந்த நாட்டில் உள்ள தேர்வுக் குழு அனுப்பினால்தான் உண்டு. 2024இல் கானின் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரீயை வாங்கிய பாயல் கபாடியா படத்தை இந்தியக் குழு அனுப்பவில்லை, 'லாபதா லேடீஸ்'ஸை அனுப்பியது. அது 15 படங்கள் கொண்ட சுருக்கப்பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. கபாடியாவின் படம் பிரான்சின் கூட்டுத் தயாரிப்பும்கூட. ஆனால் பிரான்ஸ் 'எமிலியா பெரெஸ்'ஸைத் தேர்ந்தெடுத்தது. ஆக, இரண்டு கதவும் மூடியது.

விநோதம் என்னவென்றால், அதே ஆண்டு சந்தியா சூரியின் 'சந்தோஷ்' என்கிற இந்திப் படம் பிரிட்டனின் சார்பில் போய்ச் சுருக்கப்பட்டியலில் இடம் பிடித்தது. ஈரானிலிருந்து தப்பிவந்த முகம்மது ரசூலோஃபின் படம் ஜெர்மனி சார்பில் போய்ப் பரிந்துரையே வாங்கியது. தன் அரசாங்கத்துக்குப் பிடிக்காத படத்தை எந்த ஊர்க் குழு அனுப்பும்? வேறு நாட்டின் பணம் இருந்தால் பிழைத்தது. இப்படி ஒரு விதி இருக்கும்வரை அந்தப் பிரிவை உலக சினிமாவின் அளவுகோலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

துணை நடிகர் பிரிவில் கதாநாயகர்களே நிற்கிறார்களே?

உண்மைதான். 'எமிலியா பெரெஸ்' படத்தில் கதையைத் தோளில் தூக்கிச் செல்பவர் சல்தான்யா. வாங்கியது துணை நடிகை. 'எ ரியல் பெய்ன்' இரண்டு பேர் கதை. கீரன் கல்கின் வாங்கியது துணை நடிகர். எந்தப் பிரிவுக்குப் பிரசாரம் செய்வது என்று தயாரிப்பு நிறுவனம் தீர்மானிக்கிறது, ஓட்டுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் தலையாட்டிவிடுகிறார்கள். நிஜமான துணை நடிகர்கள், ஒரே காட்சியில் வந்து போகிறவர்கள், இதில் அடிபடுகிறார்கள்.

ராட்டன் டொமேட்டோஸ் இணையதளத்தில் 95 சதவீதம் என்றால் 100க்கு 95 மார்க்தானே?

இல்லை. நூறு விமர்சகர்களில் 95 பேர் படம் பரவாயில்லை என்ற பக்கம் நிற்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாரும் 'சுமாராக இருக்கிறது' என்று மட்டுமே சொன்னாலும் 100 சதவீதம் வந்துவிடும். பாதிப் பேர் மேதைமை என்றும் பாதிப் பேர் குப்பை என்றும் சொன்ன படம் 50இல் நிற்கும். எனக்கு அந்த 50தான் பார்க்கத் தோன்றும் படம். மெட்டாக்ரிடிக் என்கிற தளம் வேறு மாதிரி: மதிப்பெண்களுக்குச் சராசரி எடுக்கிறது, சில விமர்சகர்களுக்கு எடை கூடுதலாகவும் போடுகிறது.

நீங்கள் ஏன் நட்சத்திரம் போடுவதில்லை?

போட்டால் கீழே இருப்பதை யாரும் படிப்பதில்லை. மேலும் 'தி புரூட்டலிஸ்ட்' போன்ற படத்துக்கு என்ன போடுவது? முதல் பாதிக்கு ஐந்து, இரண்டாம் பாதிக்கு இரண்டரை, சராசரி மூன்றே முக்கால் என்றால் அந்தப் படத்தைப் பற்றி நான் என்ன சொன்னதாக ஆகும்?

எல்லாம் பார்க்க நேரமில்லை. மூன்று மட்டும் சொல்லுங்கள்.

'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' முதலில், அது யாரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து 'ஃப்ளோ', ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. மூன்றாவதாக 'நிக்கல் பாய்ஸ்', போனைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரே மூச்சில். முதல் பத்து நிமிடம் கழுத்து வலிப்பதுபோல் இருக்கும், நிறுத்தாதீர்கள். சாப்பாட்டுக் கூடம் வரும்வரையாவது பாருங்கள்.